பட்டியலைச் சலிக்கும் கருவி



ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் ஸ்டோர் நினைவிருக்கும். காண்டாவில் வந்த பாலை அப்படியே தொட்டியில் ஊற்றமாட்டார்கள். சல்லடையில் வடிப்பார்கள், பட்டைத் துணுக்கும் இலையும் மேலே தங்கிவிடும். கணினியில் எழுதி வைத்த பட்டியலுக்கும் அப்படி ஒரு சல்லடை உண்டு. அதன் பெயர் கிரெப். 1973-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்சன் என்பவர் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கியது. ஜொகூர் பாருவில் கணினி படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தால் கேட்டுப் பாருங்கள். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வேலை எளிது. ஒரு சொல்லைக் கொடுத்தால், கோப்பை வரிவரியாகப் படித்து, அச்சொல் உள்ள வரிகளை மட்டும் காட்டும். கட்டளையில் ஒரு சிறு கோடும் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் தலைகீழ்: அந்த வரிகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றைக் காட்டும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பள்ளியில் காலைச் சாப்பாட்டுப் பட்டியல் என் பொறுப்பு. வரிக்கு ஒரு பெயர். மணி என்ற மாணவன் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். (பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) 'மணி' உள்ள வரியைத் தள்ளு என்றேன். தள்ளியது. மறுநாள் சுப்பிரமணியம் தட்டோடு நிற்கிறான், பட்டியலில் பெயர் இல்லை. மணிமேகலைக்கும் இல்லை. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணினிக்கு ஆள் தெரியாது. சுப்பிரமணியத்துக்குள்ளும் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதே! 'எக்ஸ்' என்ற எழுத்தையும் சேர்த்திருந்தால், வரி முழுவதும் 'மணி' மட்டுமே உள்ளதைத்தான் தள்ளியிருக்கும். அதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு: 'வி' இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டு, எவையெவை தள்ளப்படப்போகின்றன என்று கண்ணால் பார்ப்பது. அரை நிமிட வேலை. நான் பார்க்கவில்லை.

ஒன்றில் தப்பித்தேன். சலித்ததைப் புதுக்கோப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். பழைய கோப்பின் மேலேயே எழுதச் சொன்னால், கிரெப் படிக்கத் தொடங்குமுன்பே அது காலியாகிவிடும். பிறகு அழுதும் பயனில்லை. பழையது பத்திரமாக இருந்ததால், இரண்டு பெயர்களையும் அன்றைக்கே திரும்பச் சேர்த்தேன். மணிமேகலையை வகுப்பிலிருந்து நானே போய் அழைத்து வந்தேன்.