மோதலற்ற ஹேண்ட்பால்



இளமையில் நான் ஹேண்ட்பால் ஆடியவன். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட அக்களத்தில், பந்தோடு பாய்ந்து வருபவரை எதிரணியினர் உடலால் மறிக்கலாம். மடித்த கைகளால் தொட்டும் தடுக்கலாம். விதியே அதனை அனுமதிக்கிறது. அவ்வாறு மறிக்கப்பட்டு வீழ்ந்ததில் என் முழங்கால் பழுதுற்றது. ஆட்டத்தை விட்டேன், ஆசை மட்டும் விடவில்லை.

விளையாட்டுக் காயங்களைக் குறித்துச் சிந்தித்த சுவிட்சர்லாந்து நாட்டு ஹெர்மன் பிராண்ட், 1970ஆம் ஆண்டையொட்டி வகுத்த ஆட்டம் சுக்பால். வலைச்சட்டத்தில் பந்து மோதும் ஓசையே அதன் பெயராயிற்று. இதில் கோல் கம்பமும் இல்லை, கோல் காவலரும் இல்லை. களத்தின் இரு முனைகளிலும் 1 மீட்டர் சதுர வலைச்சட்டம் சாய்வாக நிற்கும். அதில் பட்டுத் துள்ளும் பந்து தரையைத் தொடுமுன் எதிரணியினர் பிடித்திட வேண்டும். தவறினால் எறிந்தவர்க்குப் புள்ளி. பந்துடன் 3 அடிகளுக்கு மேல் நகர்தலோ, 3 நொடிகளுக்கு மேல் வைத்திருத்தலோ ஆகாது.

இவை எளியவை. எதிரணியினரின் பந்தை இடைமறித்தலும், அவர்தம் வழியில் நிற்றலும் கூடாது என்பதே கடினம். ஹேண்ட்பாலில் பழகிய கைகள் தாமாகவே நீளுகின்றன! பறிக்க இயலாதவன், பந்து எங்கே விழுமெனக் கணித்து அவ்விடத்திற்கு முன்னரே விரைந்தாக வேண்டும். வலிமையைவிடக் கண்ணும் காலும் இங்கே வேலை செய்கின்றன. ஆதலால் முதியோரும் சிறுவரும் ஒரே அணியில் ஆட இயலும்.

சென்ற விடுமுறையில் என் பேரனோடு ஆடினேன். இரு பந்துகளைத் தவறவிட்டேன்; அவன் சிரித்தான். முழங்காலுக்கு ஒன்றும் நேரவில்லை.