கண்ணுக்குத் தெரியாத கணக்கப்பிள்ளை



கடையிலே பொருளை வாங்கிவிட்டுக் கைத்தொலைபேசியாற் பணம் செலுத்துகிறோம். தொகையைக் குறித்து ஒப்புதலும் அளித்துவிட்டோம். பதில் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. பணம் போயிற்றா, போகவில்லையா? கடைக்காரர் நம்மைப் பார்க்கிறார். நாம் திரையைப் பார்க்கிறோம். பொறுமையிழந்து மறுபடியும் அழுத்துகிறோம். அவ்விரண்டாம் அழுத்தலால் நம் பணம் இருமுறை கழியுமா, கழியாதா என்பது எங்கோ ஒரு கந்தோரில் இருந்து ஒருவர் முன்னரே எழுதிவைத்த நிரலைப் பொறுத்தது.

இலத்திரனியற் கொடுப்பனவு நிறுவனங்களிலே திரையின் தோற்றத்தை அமைப்போர் ஒரு சாரார். அதன் பின்னாலிருந்து கணக்கை நடத்தும் நிரல்களை ஆக்குவோர் மற்றொரு சாரார். பின்னவரை நம் பழைய வழக்கிலே கணக்கப்பிள்ளை எனலாம். அவருள் அனுபவமுதிர்ந்த ஒருவரை வேலைக்குத் தெரிவுசெய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வழக்கம் யாது? எத்தனை கணினிமொழிகள் தெரியும், எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று விளம்பரம் கேட்கிறது. நேர்முகப் பரீட்சையில் ஒரு புதிரைக் கொடுத்து அரைமணி நேரத்தில் விடுவிக்கச் சொல்கிறார்கள். இவை பயனற்றவை அல்ல. ஆயினும் எல்லாம் செவ்வனே நடக்கும்போது ஒருவர் எவ்வளவு விரைவாக வேலை செய்வார் என்பதையே இவை காட்டும். பணத்தைக் காப்பவரிடம் நாம் அறியவேண்டியது வேறு: காரியம் பிழைக்கும்போது அவர் என்ன செய்வார்?

இதன் அருமையைப் பிரித்தானியத் தபாற் கந்தோர்களின் கதை உணர்த்தும். அங்கே 1999ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. கணினி காட்டிய தொகைக்கும் பெட்டியிலிருந்த காசுக்கும் வேறுபாடு கண்டபோது, கிளைகளை நடத்திய உபதபாலதிபர்கள் மீதே பழி விழுந்தது. 2015 வரையில் தொளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் கைப்பொருளை இழந்தனர். அம்முறையிலே கோளாறுகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் அத்தீர்ப்புகளை ஒருங்கே நீக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அக்கோளாறுகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிக அணித்தானது. ஸ்கொத்லாந்திலுள்ள டல்மெலிங்ரன் என்னும் ஊரிலே, 2015இல், ஓர் உபதபாலதிபர் 8,000 பவுணைக் கணக்கிற் பதிய முற்பட்டார். திரை அசையாது நின்றது. அவர் மீண்டும் மீண்டும் விசையை அழுத்தினார். ஒரே தொகை நான்கு முறை பதிந்து, 32,000 பவுண் ஆயிற்று. இல்லாத 24,000 பவுணுக்கு அவர் பொறுப்பாளி போலக் கணக்கு நின்றது. கடையிலே நாம் செய்த அதே இரண்டாம் அழுத்தல்தான் இது.

ஆகவே நேர்முகப் பரீட்சையிலே நான் முதலிற் கேட்கச் சொல்வது இதுவே: "வங்கிக்குப் பணம் மாற்றும் கட்டளையை அனுப்பிவிட்டீர்; பதில் வரவில்லை. என்ன செய்வீர்?" "மறுபடி அனுப்புவேன்" என்று உடனே சொல்பவர் அபாயமானவர். "தோல்வி என்று அறிவிப்பேன்" என்பவரும் அத்தகையவரே. பதில் வராமை வேறு, தோல்வி வேறு. அனுபவமுள்ளவர் கூறும் விடை ஏறத்தாழ இவ்வாறிருக்கும்: ஒவ்வொரு கட்டளைக்கும் தனி இலக்கம் ஒன்று இட்டிருப்பேன், அதே இலக்கம் மீண்டும் வந்தால் பணத்தை மீண்டும் மாற்றாது, முன் சொன்ன விடையையே திருப்பிச் சொல்வேன், பதில் தெரியும்வரை 'நிலுவையில்' என்றே காட்டி, வங்கியை விசாரிப்பேன், நாள் முடிவில் இரு பக்கக் கணக்குகளையும் ஒப்புநோக்குவேன்.

அடுத்துக் கணக்கேட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். 1494இல் லூக்கா பச்சியோலி வெனிஸ் நகரில் அச்சேற்றிய நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை இன்றும் பழசாகிவிடவில்லை. ஓரிடத்திற் குறைந்தது மற்றோரிடத்திற் கூடியிருக்க வேண்டும். பிழையை அழித்து எழுதலாகாது. அதற்கு எதிரான பதிவொன்றை இட்டே திருத்தல் வேண்டும். யார், எப்போது, ஏன் திருத்தினார் என்னும் தடயம் நிலைத்திருக்க வேண்டும். ஹொரைசன் வழக்கிலே, கிளைகளின் கணக்குகளைத் தூரத்திலிருந்தே மாற்ற முடிந்தது என்பது பின்னர் நிரூபணமாயிற்று. அம்முறையை நடத்தியோர் அதனை நெடுங்காலம் மறுத்துவந்தனர் என்பதே வேதனை.

மூன்றாவது கேள்வி, "நீர் செய்த பெரும் பிழை ஒன்றைச் சொல்லும்" என்பது. பல்லாண்டு வேலை செய்தும் பிழையே செய்ததில்லை என்பவரை நம்பற்க. எவ்வாறு அறிந்தார், யாரிடம் முதலிற் சொன்னார், பணத்தை இழந்தவர்க்கு என்ன செய்தார், மறுமுறை நிகழாவண்ணம் எதை மாற்றினார் என்று வரிசையாகக் கூறுபவரே மூத்தவர். முதிர்ச்சியை ஆண்டுக் கணக்கால் அளப்பதினும் இதனால் அளப்பது நன்று.

தெரிவுசெய்யும் நிறுவனத்துக்கும் ஒரு கடமை உண்டு. பிழையை ஒப்புக்கொண்டவரைத் தண்டித்து, மறைத்தவரை உயர்த்தும் இடத்திலே எத்துணைச் சிறந்தவரை அமர்த்தினும் பயனில்லை. நாளடைவில் அவரும் மௌனம் பழகுவார். வாடிக்கையாளர் ஒருவர் "என் பணம் இருமுறை போய்விட்டது" என்று முறையிடும்போது, "கணினி பொய் சொல்லாது" என்று விடை கூறுவது எளிது. "என் நிரலிலே பிழை இருக்கலாம், பார்க்கிறேன்" என்று எழுந்து செல்பவர் வேண்டும். முகமறியாத ஏழை ஒருவரின் காசு அவருடைய அந்த ஐயத்தினாலேயே காக்கப்படுகிறது.