அப்பாவின் எஞ்சினும் அண்ணனின் ஸ்கிராம்ளரும்



"நம் பையன்கள் பட்டறையில் என்ன செய்கிறார்கள்?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் மாட் ரெம்பிட் பற்றியும், நள்ளிரவுப் பந்தயங்கள் பற்றியும், பெற்றோரின் கடமை பற்றியும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு மோட்டாரைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். அது எங்கள் வீட்டில் உருவான மோட்டார். எங்கள் வீட்டிலேயே உடைந்தும் போனது.

நான் மெக்கானிக் இல்லை. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு ஒலிவாங்கி பிடிக்க வந்தவள். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தெரிந்துகொண்டதுதான். தவறு இருந்தால் பட்டறைக்கார அண்ணன்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கெடாவில், கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா பால்மரம் வெட்டியவர். அவரிடம் ஒரு ஹோண்டா இஎக்ஸ்5 இருந்தது. விடியற்காலை இருட்டில் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு அதில்தான் வெளிக்காட்டு வேலைக்குப் போவார். 2008-இல் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு மோட்டார் வீட்டுப் பின்புறம் சாக்குப் போர்த்தியபடி கிடந்தது.

அதே ஆண்டு அண்ணன் 600 வெள்ளி கொடுத்து ஒரு பழைய ஸ்கிராம்ளரை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சின்ன வகை மோட்டோகிராஸ் வண்டி. 85 சிசி, டூ ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் எஞ்சின். பிரேம் நன்றாக இருந்தது, சஸ்பென்ஷனும் நன்றாக இருந்தது. எஞ்சின் மட்டும் போய்விட்டது. பிஸ்டன் சிக்கி, சிலிண்டர் உள்சுவர் கோடு கோடாகக் கீறியிருந்தது. பழுது பார்க்க ஆகும் செலவைக் கேட்டதும் அண்ணன் பேச்சை மாற்றிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் போய் நின்றார். "அப்பா, உங்க எஞ்சினை இதுல போட்டுப் பார்க்கட்டுமா?"

அப்பா கொஞ்ச நேரம் சாக்கு மூட்டிய மோட்டாரையே பார்த்தார். "எடுத்துக்க தம்பி. திருப்பிக் கேட்டா குடுத்துடணும்," என்றார்.

நேயர்களே, இப்படி ஒரு எண்ணம் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்ப் பம்பு இல்லை, ரப்பர்க் குழாய் இல்லை. சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கிறதே, அந்தத் தகடுகள் வழியாகத்தான் சூடு வெளியே போகிறது. மின்சாரமும் அப்படியே. காந்தச் சக்கரம், சிடிஐ பெட்டி, காயில், நிறுத்தும் சுவிட்ச், இவற்றை இணைக்கும் சில ஒயர்கள். அவ்வளவு இருந்தால் ஓடிவிடும். எண்ணெய் கலக்காத சாதாரண பெட்ரோல் போதும். சக்தி குறைவு, உண்மைதான். அந்த 85 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் புதிதாக இருந்தபோது இருபது குதிரைசக்திக்கு மேல் கொடுத்திருக்கும். அப்பாவின் எஞ்சின் பத்தைத் தொடாது. ஆனால் அதன் ஒவ்வொரு பாகமும் பக்கத்துக் கடையில் கிடைக்கும். அதை உதைத்தால் கிளம்பும்.

அப்பாவின் எஞ்சினுக்கு ஒரு வம்சமும் உண்டு. 1958-இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் என்ற மோட்டாரின் வழியில் வந்தது அது. அந்த வரிசையில் மட்டும் 2017-க்குள் பத்துக் கோடி மோட்டார்கள் உலகம் முழுவதும் செய்யப்பட்டுவிட்டன. நாம் கப்சாய் என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தின் மூத்தவர் அவர்தான்.

அந்த எஞ்சினில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்காது. முன்னால் காலை நீட்டிப் படுத்த மாதிரி இருக்கும். காலைத் தூக்கிப் போடாமல், நடுவில் கால் வைத்து ஏற இடம் வேண்டும் என்பதற்காக அப்படிப் படுக்க வைத்தார்கள். அதைத் தொங்கவிடும் போல்ட்டுகளும் பின்பக்கம்தான். அதனால் கப்சாயின் பிரேமில் எஞ்சினுக்கு முன்னால் குழாய் எதுவும் வராது.

ஸ்கிராம்ளர் பிரேமில் வரும். ஹேண்டில் இருக்கும் தலைப்பகுதியிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, எஞ்சினின் அடியில் போய், பின்னால் ஏறும். நிமிர்ந்த எஞ்சின் அதற்குள் ஒரு தொட்டிலில் உட்கார்ந்த மாதிரி உட்காரும். படுத்த எஞ்சினை அதற்குள் வைத்தால் சிலிண்டரின் தலை நேராக அந்த முன்குழாயில் போய் இடிக்கும்.

அண்ணன் வைத்துப் பார்த்தார். இடித்தது.

வெல்டிங் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கடைக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்தக் குழாயை எடுத்துட்டா உள்ளே போயிடும், தம்பி," என்றார். எடுத்தும்விட்டார்கள். மேல் குழாயிலிருந்து இரண்டு தகட்டை இறக்கி எஞ்சினைத் தொங்கவிட்டார்கள். வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. சாயங்காலம் தோட்டத்துச் செம்மண் பாதையில் அது ஓடியபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடினார்கள். அப்பா வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டார். பார்வை அப்போது முழுதாகத் திரும்பவில்லை. "என் எஞ்சின்தான்," என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் கல்லூரியில் ஆவணப்படம் எடுக்கும் பயிற்சி. பத்து நிமிடத்துக்கு ஏதாவது எடுத்துவர வேண்டும். வேறு எதை எடுப்பது? கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு வந்து மூன்று வார இறுதிகள் அண்ணனைப் படம் பிடித்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வடிகால் மேட்டில் ஏறிக் குதித்த அண்ணன் இறங்கும்போது முகம் குப்புற விழுந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. நல்ல வேளையாகத் தலைக்கவசம் போட்டிருந்தார்.

மருத்துவமனையில் அம்மா அழுதார். அப்பா அழவில்லை, திட்டினார். "ஆட்டம் போட்டே, விழுந்தே," என்றார். உறவினர்கள், அக்கம்பக்கத்தார், கோயில் தலைவர் என்று எல்லாருக்கும் அதே தீர்ப்புதான். பையன் வேகமாக ஓட்டினான், விழுந்தான். அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. அவரும் அப்படித்தான் நம்பினார்.

ஒரு வாரம் கழித்து, படத்தொகுப்பு அறையில் அந்த நாடாவைப் போட்டேன். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். வண்டி மேட்டிலிருந்து இறங்குகிறது. இரண்டு சக்கரமும் தரையைத் தொடுகின்றன. அண்ணன் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த படத்தில் முன்சக்கரம் எஞ்சினை விட்டுக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போயிருக்கிறது. அதற்கடுத்த படத்தில் இன்னும் தள்ளி. மூன்றாவது படத்தில் ஹேண்டிலே கீழே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணன் விழுகிறார்.

முதலில் உடைந்தது பிரேம். பிறகுதான் ஆள் விழுந்திருக்கிறார்.

நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். அப்பா தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை போடும்மா," என்று நாலு தடவை பார்த்தார். பிறகு அண்ணனிடம், "அந்தக் குழாய் என்னத்துக்கு இருந்துச்சுன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை, வெட்டியவரும் கேட்கவில்லை, கேமராவோடு நின்ற நானும் கேட்கவில்லை.

அந்தக் குழாய் வெறுமனே எஞ்சினைத் தாங்குவதற்கு இல்லை. வண்டி குதித்து இறங்கும்போது முன்சக்கரம் முன்னால் விலகப் பார்க்கும். குழாய் அதை இழுத்துப் பிடிக்கும். மேட்டில் மோதும்போது சக்கரம் பின்னால் வரப் பார்க்கும். அப்போது குழாய் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தும். அதை எடுத்துவிட்டால் அத்தனை பாரமும் மேல் குழாயின் ஓர் ஓரத்தில் போய் விழும். போதாக்குறைக்கு, புதிதாக வெல்டிங் செய்து சூடு பட்ட இடமும் அதற்குப் பக்கத்திலேயே. விரிசல் அங்கேதான் தொடங்கியிருந்தது. உடைந்த வாயில் பாதி துருப்பிடித்தும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. துருப்பிடித்த பாதி பல நாட்களுக்கு முன்பே விட்டுப்போன பாதி.

எலும்பு கூடியதும் அண்ணன் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த போமன் சீனர், வயதானவர். அவர் அண்ணனுக்கு முதல் மூன்று மாதம் வெல்டிங் துப்பாக்கியைக் கொடுக்கவே இல்லை. அளக்க மட்டும்தான் விட்டார். எனக்கு அவரைப் பார்த்தால் பயம். ஆனால் நேரில் பார்த்தால் இன்றும் கும்பிடுவேன்.

2009-இல் அதே வகையில் இன்னொரு பிரேம் கிடைத்தது. இந்தமுறை நிமிர்ந்து நிற்கும் 125 சிசி எஞ்சின் ஒன்றைப் பார்த்து வாங்கினார். அதுவும் காற்றால் குளிர்வதுதான். பிரேமில் ஒரு குழாயையும் தொடவில்லை. காகித அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து, பிறகுதான் தகட்டில் வெட்டினார். அதில் எனக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் இருந்தது. பல மோட்டோகிராஸ் வண்டிகளில் பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் பெரிய போல்ட், எஞ்சின் கூட்டின் உள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் வரும். பழைய எஞ்சினை எடுத்துவிட்டால் நடுவில் வெறும் இடைவெளி. அந்த இடைவெளியோடு போல்ட்டை முறுக்கினால் பிரேம் உள்பக்கம் நெருங்கும், பின்சக்கரம் ஆடும். கடைசல் எந்திரத்தில் இரண்டு வளையம் கடைந்து அதை நிரப்பினார்கள்.

பிறகு செயின். 420, 428 என்று எண் போட்டு விற்பார்கள். இரண்டுக்கும் பல்லுக்குப் பல் தூரம் ஒன்றுதான், அரை அங்குலம். அகலம்தான் வேறு. 520 என்றால் அந்தத் தூரமே வேறு. முன் ஸ்ப்ரோக்கெட் ஓர் எண், பின் ஸ்ப்ரோக்கெட் ஓர் எண் என்று கலந்துவிட்டால் சிக்கல்தான். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவும் வேண்டும். கோணலாக நின்றால் செயின் கழன்று முன் ஸ்ப்ரோக்கெட்டில் சுருட்டிக்கொள்ளும். எஞ்சின் கூட்டையே உடைத்துவிடும், பின்சக்கரமும் நின்றுவிடும். பின் ஸ்ப்ரோக்கெட்டின் மேல் நேரான கம்பியை வைத்து, அதன் முனை முன் ஸ்ப்ரோக்கெட்டில் எங்கே போய்த் தொடுகிறது என்று அண்ணன் ஒரு முழு இரவு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

அந்த ஸ்கிராம்ளரைச் சாலையில் ஓட்டவில்லை. பதிவே இல்லாத பந்தய வண்டி அது. என்ன எஞ்சினைப் போட்டாலும் பொதுச்சாலையில் ஓட்ட அதற்கு உரிமை இல்லை. பதிவு செய்த மோட்டாரில்கூட எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் சொல்லியாக வேண்டும். எஞ்சின் எண்ணும் பிரேம் எண்ணும் கிராண்டில் இருக்கின்றன. இது தெரியாமல் மாற்றிவிட்டு, சாலைத் தடுப்பில் நின்று விழிக்கும் பையன்கள் எத்தனை பேர்! அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு முறையாவது அவர்கள் வண்டியை உட்கார்ந்து பாருங்கள். எந்தக் குழாயை வெட்டியிருக்கிறான், எதை வைத்து இணைத்திருக்கிறான் என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் பதில் சொல்ல வேண்டி வரும், அதற்காக யோசிப்பான்.

கிராண்ட் என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. கண் தெளிந்த பிறகு ஒருநாள் அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் வைத்தார். "இதுல இருக்கிற நம்பர் எங்க இருக்கு?" என்றார். உடைந்த பிரேமில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் அன்று மாலையே கழற்றி, கழுவி, அடைப்புத் தாள்களை மாற்றி, இஎக்ஸ்5-இல் திரும்பப் பூட்டினார்.

அண்ணனுக்கு இப்போது சுங்கை பட்டாணியில் சொந்தப் பட்டறை இருக்கிறது. கடைசியாக நான் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா கோயிலுக்குக் கிளம்பினார். முதல் உதைக்குக் கிளம்பவில்லை. அண்ணன் பட்டறைத் துணியோடு எழுந்து வந்தார். "நீ உட்காரு," என்று சொல்லிவிட்டு அப்பா இரண்டாவது முறை உதைத்தார். கிளம்பிவிட்டது.