வாயில்லாச் சீவன்களுக்காகப் பேசிய அம்மையார்
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சற்று முன் எங்கட பிள்ளையள் மேடையில் பரதநாட்டியம் ஆடிச்சினம். ருக்மிணி தேவி அம்மையார் யார் என்று கேட்டால், 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர் என்று உடனே சொல்லுவினம். அவரின் மறுபக்கத்தைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

1904இல் மதுரையில் பிறந்தவர். 1952இல் இந்திய மாநிலங்கள் அவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே மிருகவதையைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். "மனிசருக்கே வழியைக் காணேல்லை, மாட்டுக்கு என்ன சட்டம்?" என்று எவரும் கேட்கக்கூடிய காலம் அது. அரசாங்கமே இதைக் கவனிக்கும் என்று பிரதமர் நேரு வாக்களித்த பிறகுதான் அம்மையார் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவி. 1977இல் சனாதிபதிப் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். 1986 பெப்ரவரியில், 81 வயதில் காலமானார்.

அந்தச் சட்டம் என்ன சொல்லுது? அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றாதே. புண்பட்ட மாட்டை வேலை வாங்காதே. கட்டைச் சங்கிலியில் கட்டி வைக்காதே. முதற் குற்றத்துக்குத் தண்டம் 50 ரூபா வரை என்றுதான் அதில் எழுதினார்கள். அது போதாதுதான். ஆனால் இன்னொரு பிரிவும் இருக்கு: தக்க காரணம் இல்லாமல் ஒரு மிருகத்தைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தை நினைத்துப் பாருங்கோ. மாடுகளை அவிட்டு விட்டவர்கள் உண்டு. அவிழ்க்க நேரம் கிடையாமல் ஓடினவர்களும் உண்டு. குண்டுக்கு முன்னால் ஓடுவதைவிடத் தக்க காரணம் எது? எந்தச் சட்டமும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லாது. இருந்தும் அந்தக் கவலை இன்னும் ஆறவில்லை.

இங்கே ஒரு கிழவி தன்ர பசுவை நினைத்துக் கண்கலங்கினால், "எத்தனை உயிர் போச்சு, இவ மாட்டுக்கு அழுகிறா" என்று சிரியாதேங்கோ. பக்கத்தில் இருந்து கேளுங்கோ. அந்தப் பசுவின்ர பேரைப் பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுங்கோ. வாயில்லாச் சீவனுக்கு இரங்கிற மனம் மனிசருக்கும் இரங்கும். அம்மையாரிடம் நாட்டியத்தோடு சேர்த்து நாங்கள் படிக்க வேண்டியது இதுதான்.