வாயில் அறிந்து அனுப்புவோம்



தமிழ் இதழ்களை மின்னாக்கம் செய்யும் பணியில் நாங்கள் இழைத்த ஒரு பிழையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். பழைய பள்ளி ஆண்டிதழ்களின் கட்டுரைகளைத் தேடல் வழங்கிக்கு அனுப்பினோம். கோப்புகள் சேர்க்கப்பட்டன என்று கணினியும் விடையளித்தது. மறுநாள் மாணவி ஒருவர் தம் பாட்டனார் எழுதிய கட்டுரையைத் தேடினார், கிடைக்கவில்லை. இத்தொகுப்பில் இல்லை போலும் என்று எழுந்து சென்றுவிட்டார். கட்டுரை இருந்தது, ஆனால், வேறொரு வாயிலுக்குள் கிடந்தது.

நாங்கள் கையாண்டது அப்பாச்சி சோலர் என்னும் கட்டற்ற மென்பொருள். யோனிக் சீலி 2004ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கியது அது. நூலின் இறுதியில் நாம் காணும் சொல்லடைவைப் போல, எச்சொல் எவ்வாவணத்தில் வருகிறது என்பதை அது குறித்து வைத்துக்கொள்கிறது. ஒரே கணினியில் இத்தகைய வழங்கிகள் பலவற்றை இயக்கலாம். அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது ‘போர்ட்’ எனப்படும் வாயில் எண். இவ்வெண்கள் 65535 வரை செல்லும். சோலருக்கு இயல்பாக அமைந்த வாயில் 8983.

எங்கள் கணினியில் 8983இல் சோதனை வழங்கியும், 8984இல் பொதுமக்களுக்கான வழங்கியும் இயங்கின. இரண்டிலும் தொகுப்பின் பெயர் ஒன்றே. ஆவணம் அனுப்பும் கருவிக்கு வாயில் எண்ணைக் கூறாவிட்டால், அது 8983ஐயே நாடும். அங்கே வழங்கி இயங்காதிருந்தால் இணைப்பு மறுக்கப்பட்டிருக்கும், நாங்களும் விழித்துக்கொண்டிருப்போம். இயங்கியதால், ஆவணங்கள் அனைத்தும் தடையின்றி அங்கேயே ஏற்கப்பட்டன.

திருத்தம் எளிது. நாங்கள் கையாண்ட கருவியில், அனுப்பும் கட்டளையில் ‘பி’ என்னும் குறியை அடுத்து 8984 என்று எழுதியிருந்தால் போதும். அல்லது வாயில் எண்ணோடு கூடிய முழு முகவரியையே தரலாம். உண்மையில், எந்த முகவரிக்கு அனுப்புகிறேன் என்பதைக் கருவி தன் தொடக்க வரிகளிலேயே தெரிவித்திருந்தது. நாங்களோ, வெற்றியைக் கூறும் இறுதி வரிகளை மட்டும் படித்து மகிழ்ந்தோம்.

ஆகவே, இப்பணியில் ஈடுபடும் மாணவர்கள் மூன்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வாயில் எண்ணை வெளிப்படையாக எழுதுங்கள். தொடக்க வரிகளைப் படியுங்கள். அனுப்புமுன்னும் அனுப்பியபின்னும் உரிய வழங்கியில் ஆவணங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேடல் வெறுமையாகத் திரும்பும்போது, தமிழில் அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்று மாணவர் முடிவுகட்ட விடாதீர்கள். ‘கிடைக்கவில்லை’ என்பது வேறு. ‘இல்லை’ என்பது வேறு. அந்த மாணவியை மீண்டும் அழைத்துக் கட்டுரையைக் காட்டினோம். ஆனால், நாங்கள் அறியாமலே திரும்பிச் சென்றவர் எத்தனை பேரோ!