கண்ணை மூடி ஒரு படகுப் பயணம்

ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம், "கண்ணை மூடு, நற்செய்திக் காட்சிக்குள் போய் நில், அங்கிருந்தே இயேசுவிடம் பேசு" என்றால் முழிப்பார்கள். இத்தனைக்கும் இது பழைய ஜெப முறைதான்.

1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, வீட்டில் படுக்கையாய்க் கிடந்தார் லொயோலா இஞ்ஞாசியார். வாசிக்க வீரக் கதைகள் கேட்டார். கிடைத்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் கதைகளும். 1548இல் அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்', பெத்லகேமுக்குப் போகும் பாதை எவ்வளவு நீளம், மேடா பள்ளமா என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறது. இயேசு பிறந்த குகைக்குள் ஏழை வேலையாளாய் நின்று பணிவிடை செய்யவும் சொல்கிறது. பெரியவர்களுக்கான நூல்தான், ஆனால் வயதுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள அவரே இடம் கொடுத்திருக்கிறார்.

வகுப்பில் செய்து பார்க்க, மாற்கு நான்காம் அதிகாரத்துப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாக இரண்டு முறை வாசியுங்கள். "படகில் நீ எங்கே இருக்கிறாய்? தண்ணீர் மேலே தெறிக்கிறதா?" இவ்வளவு கேட்டால் போதும். பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிட மௌனமே அதிகம். இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு மட்டும்தான் எழுதுகிறார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி தலையணையை உருவி அவரை எழுப்பிவிட்டாளாம். இன்னொருவன், "பாவம், அசதியா இருப்பாரு" என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டானாம். இதில் எது சரியான விடை என்று கேட்டுவிடாதீர்கள்!

காரியம் கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். "இப்போ இயேசு உன்னைக் கட்டிப்பிடித்து, ஒழுங்காப் படி என்கிறார்" என்று ஆசிரியர் சொன்னால், அது ஆசிரியரின் குரல். வழிநடத்துபவர் சுருக்கமாகச் சொல்லி நிறுத்த வேண்டும், தானாகக் கண்டடைவதே ருசிக்கும் என்று இஞ்ஞாசியார் தம் நூலின் தொடக்கக் குறிப்பிலேயே எழுதிவிட்டார்.

கற்பனை வேதத்தை மாற்றிவிடாதா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான பயம்தான். கடைசியில் அதே பகுதியை மறுபடி வாசித்துவிடுங்கள். எழுதியிருப்பது எது, நாம் பார்த்தது எது என்று பிள்ளைகளுக்கே பிரிந்து தெரியும்.

"ஒன்னும் தெரியல மிஸ்" என்கிற பிள்ளையை அப்படியே விடுங்கள். கண்ணை மூடப் பயந்தால் திறந்தே இருக்கட்டும், படம் வரையட்டும். கடலில் உறவைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அன்றைக்குப் புயல் வேண்டாம். எரிகோவில் சக்கேயு ஏறிய காட்டு அத்திமரம் இருக்கிறது. அதில் ஏறிப் பார்க்கட்டும்.