வாசல் தளம் நிலைப்பதற்கு



நாம் வசிக்கும் லாலாகுடா, செகந்திராபாத்தில் இரயில்வே பணிமனையை ஒட்டி வளர்ந்த பகுதி. இங்குக் குடியேறிய தமிழர் எதனை விட்டாலும் வாசற்கோலத்தை விடுவதில்லை. நம் வீட்டு வாசலிலும் கார் நிற்குமிடத்திலும் சிமென்ட் கட்டைக் கற்களைப் பதித்தோம். முதல் மழைக்காலம் கழிந்ததும் தளம் ஆங்காங்கே அமிழ்ந்தது. வைகறையில் கோலமிடச் சென்ற அன்னையார் கல் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

கல்லையே குறை கூறினோம். பெயர்த்துப் பார்த்தாலோ, ஒரு கல்லும் உடைந்திருக்கவில்லை. மனையை மேடாக்கக் கொட்டிய கரிசல் மண்ணின் மீதே மணலைப் பரப்பியிருந்தனர்! கரிசல் கோடையில் சுருங்கி வெடிக்கும். நீர் பட்டதும் பருக்கும். ஆண்டில் பெரும்பகுதி வறண்டிருந்து, சில திங்களில் மழை கொட்டும் தக்காணத்தில் அது அசையாதிருப்பது அரிது. அமெரிக்காவில் அரிசோனா போன்ற பாலை நிலங்களிலும் இத்தகைய களிமண்ணால் தளங்கள் குலைவதுண்டு.

ஆகவே கரிசலை ஓரடி ஆழத்திற்கு அகற்றினோம். மொரம் மண்ணையும் அதன்மேல் ஜல்லியையும் படலம் படலமாக இட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்கினோம். மணல் ஓரங்குலமே. பள்ளத்தை மணலால் நிரவுவது தளத்தை மறுபடியும் அமிழச் செய்யும். கற்கள் விலகாதிருக்க ஓரத்தில் கெர்ப் கல் நாட்டினோம். கார் நிற்குமிடத்திற்கு 2006ஆம் ஆண்டின் இந்தியத் தர விதிகள் குறித்த 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல்லையே கொண்டோம்.

வெயிலையும் எண்ண வேண்டும். பத்து மீட்டர் நீளத் தளம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். கல்லிடுக்கைச் சிமென்ட் கலவையால் அடைத்தால் அந்நீட்சிக்கு இடமேது? கல்லின் ஓரம் உடையும்; அல்லது கல்லே மேலெழும்பும். இடுக்கில் நுண்மணலே தகும். மழையில் அது அரித்துப் போகும். ஆண்டுக்கொருமுறை தூவிப் பெருக்கிவிடலாம்.

தெலுங்குக் கொத்தனார் "வாலு" வேண்டுமென்றார். நாள்தோறும் அலுவலகத்தில் சொல் தேடும் நமக்கு அது விளங்கவில்லை. கையில் கட்டுடன் திண்ணையிலிருந்த அன்னையார், "வாட்டம் என்கிறாரப்பா" என்றார். நூறு அங்குலத்திற்கு இரண்டங்குலம் தெருப்பக்கம் சரித்தோம். அடியில் நீர் தேங்கினால் இடித்த மொரமும் இளகிவிடும் அன்றோ?

சென்ற மழைக்காலத்தில் தளம் அசையவில்லை. ஆயினும் அன்னையார் இன்றும் மாவுக் கிண்ணத்தைக் கையிலெடுக்குமுன், ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்துக்கொள்கிறார்.